ஷூவுக்கும் நிழலுக்கும் நடுவில்

கேமரா வாங்கியது யானைக்காக. ஓசூரில் குடியேறி இத்தனை வருஷமாகியும் சானமாவுக் காட்டு யானைகளை நான் நேரில் பார்த்ததில்லை. குளிர்காலம் வந்தால் போதும், யானைக் கூட்டம் வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றும். ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தன் மச்சான் எடுத்த வீடியோ என்று ஒன்றைக் காட்டுவார். அதில் இருட்டு இருக்கும், இருட்டுக்குள் நாலு பேர் கத்துவது இருக்கும், யானை மட்டும் இருக்காது. நான் எடுத்துக் காட்டுகிறேன் பாருங்கள் என்று சபதம் போட்டு, பெங்களூரில் ஒருவர் பயன்படுத்திச் சலித்த கேமராவையும் முழ நீள லென்ஸையும் வாங்கி வந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே காட்டோரமாகப் போய் வண்டியை நிறுத்தினேன். வனக்காவலர் ஒருவர் வந்து என்னையும் லென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், உங்கள வெச்சி யானை வெளையாடறதுக்கு முன்ன வண்டியத் திருப்புங்க" என்றார்.

திருப்பிவிட்டேன். ஆனால் வாங்கிய கேமராவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் வீட்டில் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். எனவே யானை இல்லாவிட்டால் என்ன, அசைகிற வேறு எதையாவது எடுப்போம் என்று, விடிந்ததும் ஊர்க்கோடியில் இருக்கும் விளையாட்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், குண்டு எறிகிறவர்கள், இவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே டீ குடித்துவிட்டு உடற்பயிற்சி முடிந்தது என்று கிளம்புகிறவர்கள் என எல்லா ரகமும் உண்டு.

யானை இவர்களைவிட எவ்வளவோ மேல் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. யானை நிற்கும். இவர்கள் நிற்பதில்லை. நூறு மீட்டர் ஓடுகிறவரைக் குறிவைத்து அழுத்துவேன். படத்தில் காலியான ஓடுபாதையும் ஓரத்தில் ஒரு குதிகாலும் விழுந்திருக்கும். நீளம் தாண்டுகிறவரை எடுத்தால் மணல் மட்டும் பறக்கும். உயரம் தாண்டிய பெண்ணை எடுத்தபோது குறுக்குக் கம்பி வெகு அழகாக, கூர்மையாக வந்திருந்தது. அந்தப் பெண் அதற்குள் மெத்தையிலிருந்து எழுந்து பாவாடைபோல் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லூரி மாணவனிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டே பார்த்தேன்: "தம்பி, இன்னொரு தடவை கொஞ்சம் மெதுவா ஓடிக் காட்ட முடியுமா?"

"மெதுவா ஓடறதுக்கா சார் இந்தக் குளுருல எந்திரிச்சி வரேன்?" என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

லென்ஸின் நீளத்தைப் பார்த்து, பயிற்சியாளர் ஒருவர் என்னைப் பத்திரிகைக்காரன் என்று முடிவு கட்டினார். "எந்தப் பேப்பர் சார்?" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை எட்டுத் திசைக்கும் பொதுவாக ஆட்டி வைத்தேன். அன்றிலிருந்து அவருடைய ஆட்கள் என்னைக் கடக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி, என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அதனால் இருவர் மோதிக்கொண்டதும் உண்டு. படம் எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கியதும் நான் மைதானத்தின் எதிர்ப் பக்கத்துக்கு இடம் மாறிக்கொண்டேன்.

அந்த எதிர்ப் பக்கத்தில்தான் எனக்கு நிழல்கள் கிடைத்தன. நம் ஊர்க் காலைச் சூரியன் பனிமூட்டத்துக்குள் சோம்பிக் கிடந்துவிட்டு, திடீரென்று தாழ்வாகத் தலைகாட்டும். அப்போது மைதானத்தில் ஒவ்வொருவருக்கும் அவரைவிடப் பெரிய நிழல் முளைக்கும். குண்டு எறியும் பருமனான ஆளுக்கு ஒல்லியான நிழல். குட்டையான பெண்ணுக்குப் பனைமர உயர நிழல். ஓடுகிறவர் படத்துக்கு வெளியே தப்பிவிட்டாலும் அவர் நிழலில் பாதியாவது உள்ளே மாட்டிக்கொள்ளும். தவிர, நிழலுக்கு முகம் கிடையாது. கண் மூடியிருக்கிறது, வாய் கோணியிருக்கிறது என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

என் தொழிலும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கோவில்பட்டியிலிருந்து பிழைக்க வந்த நான், சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். எங்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு. தேய்த்து முடித்த உருப்படியின் மேல் நேர்விளிம்புப் பட்டை ஒன்றை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பார்ப்போம். பட்டை முழுக்க ஒட்டி உட்கார்ந்தால் சமதளம். இடுக்கில் முடியளவு வெளிச்சம் கசிந்தாலும் "லைட் வருது" என்போம். அவ்வளவுதான், அந்த உருப்படி சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். அதற்குமேல் பேச்சே கிடையாது.

இந்தக் கண் தொழிற்சாலையோடு நிற்பதில்லை. மாவுப் பாத்திரத்தின் மூடி, ஓட்டல் மேஜை, கல்யாண மண்டபத்துக் கதவு என்று எதைக் கண்டாலும் நான் குனிந்து இடுக்கைப் பார்ப்பேன். கல்லாவிக்குப் பெண் பார்க்கப் போனபோதும் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளறைக் கதவைப் பார்த்து "லைட் வருது" என்று சொல்லிவிட்டேன். அந்த இடுக்கின் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் இப்போது என் மனைவி. அது என்ன பேச்சு என்று கல்யாணமானபின் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதன்பின் எங்கள் வீட்டில் தோசை ஓட்டையாக வந்தாலும் ஜாக்கெட் தையல் விட்டிருந்தாலும் அவளே முந்திக்கொண்டு "லைட் வருதுங்க" என்பாள்.

அவளுக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம் வீடுகளில் டாக்டர் சொன்னார் என்றால் அதற்கு மறுபேச்சு இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாகூட, மருமகள் ஷூ போட்டுக்கொண்டு இருட்டில் கிளம்பியபோது வாயைத் திறக்கவில்லை. அவளும் முதலில் எல்லோரையும்போல் பேசிக்கொண்டுதான் நடந்தாள். மைதானத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் தெலுங்குக்காரப் பெண். இவளைவிட இரண்டொரு வயது இளையவள். இரண்டு பேரும் பேசிப் பேசி வேகம் கூட்டி, யார் முந்துவது என்று போட்டி போட்டு, கடைசியில் ஒரு பயிற்சியாளரின் கண்ணில் பட்டார்கள். அவர் இவர்களுக்கு வேகநடை என்று ஒரு விளையாட்டு இருப்பதைச் சொன்னார். முன்கால் முட்டி மடங்கக்கூடாது. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டு காலும் தரையை விட்டால் அது ஓட்டம், பேரை அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

வேகநடையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இடுப்பு வலமும் இடமும் வெட்டி வெட்டி ஆடும். கைகள் நெஞ்சுக்கு முன்னால் குத்துச்சண்டை போடும். எங்கள் தெருவில் இதற்கு வந்த வரவேற்பை வார்த்தையில் சொல்ல முடியாது. நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு குழம்பிப்போய்ப் பின்னாலேயே நடந்தன. அடுக்குமாடி வாசலில் நிற்கும் காவலாளி என்னிடம் தனியாக விசாரித்தார்: "மேடம் டெய்லி பஸ்ஸ உட்டுடறாங்களா சார்?" அப்பா ஊருக்குப் போன் போட்டு, மருமகளுக்கு வைத்தியம் நடக்கிறது என்று மட்டும் தெரிவித்தார்.

அவள் எதற்கும் அசையவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்கு ரோஷத்தைக் கிளப்பும். யாராவது, "நல்லா ஓடறீங்க" என்று சொல்லிவிடக்கூடாது. "ஓடறனா? நான் நடக்கறேங்க. பாத்து சொல்லுங்க" என்று நிறுத்திவைத்து விளக்குவாள். ஓடுவது யாரும் செய்வது, நடப்பதில்தான் கட்டுப்பாடு இருக்கிறது என்பது அவள் கட்சி. உதட்டைக் கடித்து, புருவத்தை நெரித்து, ஒவ்வொரு அடியையும் எண்ணி வைப்பதுபோல் வைப்பாள்.

எனக்கு இவ்வளவு நல்ல ஆள் வேறு எங்கே கிடைக்கும்? வேகமாகவும் போகிறாள், வீட்டு ஆளாகவும் இருக்கிறாள், எந்தப் பேப்பர் என்றும் கேட்க மாட்டாள். ஷட்டர் வேகத்தைக் கூட்டு, குறைத்துப் பார், கேமராவை ஆளோடு சேர்த்துத் திருப்பு என்று யூடியூபில் ஒரு ஹிந்திக்காரர் சொன்னதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, அவள்மேல் சோதனை நடத்தினேன். மாலையில் படங்களைப் போனில் ஏற்றி அவளுக்குக் காட்டுவேன்.

"ஏங்க, இதுல நான் எங்க?"

"இந்த ஓரத்துல தெரியுதே, உன் முழங்கை."

"முழங்கைய மட்டும் வெச்சிகினு நான் என்ன பண்ணட்டும்? தலை எங்க?"

"அதுக்கு அடுத்த படத்துல தலை இருக்கு. ஆனா ஆடிப்போச்சு."

"எங்க அண்ணன் ஊட்டுக்கு அனுப்பலாம்னு பாத்தா, ஒரு படமாச்சும் மனுசி மாதிரி இருக்குதா? எல்லாத்துலயும் நெழலுதான் நல்லா இருக்குது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

கிருஷ்ணகிரியில் மாவட்ட அளவில் மூத்தோர் தடகளப் போட்டி வந்தது. சிநேகிதிகள் இரண்டு பேரும் வேகநடைக்குப் பேர் கொடுத்தார்கள். மூவருமாக ஒரே காரில், கட்டுச்சோற்றோடு போனோம். கோட்டை மலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறி வந்த நேரம். எனக்கு நிழல் வேட்கை. கடைசி வளைவில், சூரியனைப் பார்த்தபடி, நிழல்கள் என் பக்கம் விழுகிற இடமாகத் தேடி முழங்கால் போட்டுக்கொண்டேன். நடுவர்கள் இரண்டு பேர் கையில் மஞ்சள் அட்டையோடு சுற்றி வந்தார்கள். கடைசிச் சுற்று வரைக்கும் பாகலூர்க்காரி முன்னால், என் மனைவி ஒட்டினாற்போல் பின்னால். வளைவில் இவள் வெளிப்பக்கமாக வந்து முந்தினாள். நான் பட்டனை அழுத்தினவன் விரலை எடுக்கவே இல்லை. கேமரா அதுபாட்டுக்குப் படபடவென்று அடித்துத் தள்ளியது.

முதலிடம் என் மனைவிக்கு. மாநிலப் போட்டிக்கும் அவள்தான். கழுத்தில் மெடலோடு நின்றவளைக் கட்டிக்கொள்ள வேண்டிய சிநேகிதி, வந்து நின்று வேறொன்றைச் சொன்னாள்.

"அக்கா, கடைசி வளைவுல நீங்க ஓடினீங்க. நான் பின்னாலதான வந்தேன்."

"ஓடுனனா? நானா?"

"அவுனு அக்கா. ஓடினீங்க."

"என் புள்ள மேல சத்தியமா ஓடலடி" என்றாள் என் மனைவி, இரண்டு கையையும் விரித்து, சேலத்தில் ஹாஸ்டலில் படிக்கும் எங்கள் மகனைச் சாட்சிக்கு இழுத்து. அந்தப் பெண் திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டாள். காரில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, கட்டுச்சோற்றைப் பிரிக்காமலே ஓசூர் வந்து சேர்ந்தோம். புளியோதரையை மூன்று வேளைக்கு நான்தான் தின்றேன்.

மறுநாளிலிருந்து மைதானத்தில் ஒரு புதுக் காட்சி. ஒருத்தி வலச்சுற்று, இன்னொருத்தி இடச்சுற்று. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நேருக்கு நேர் வர வேண்டியிருந்தது. வரும்போதெல்லாம் ஒருத்தி மரத்தைப் பார்ப்பாள், ஒருத்தி ஷூ லேஸைப் பார்ப்பாள். ஒரே திசையில் போயிருந்தால் பார்க்கவே வேண்டியிருந்திருக்காது என்று இருவருக்கும் சொல்ல எனக்குத் துணிவில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி சாமானைக் கழுவிக்கொண்டே பொருமுவாள். "மெடல் போனாப் போவுது. ஓடினன்னு சொல்லிட்டா பாருங்க. அவ வாயால." அந்தச் சிநேகிதியை விட்டால் இந்த ஊரில் அவளுக்கு மனம் விட்டுப் பேச வேறு ஆள் இல்லை. ராத்திரியில் அவள் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுவது எனக்குத் தெரியும்.

எனக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமைதான் கேமராவிலிருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வழக்கம்போல வேலியும், யாரோ ஒருவர் முதுகும், ஆடிப்போன அரைத்தலையும் வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு படம் வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என் மனைவி, முழுசாக, தலை முதல் கால் வரை, வியர்வைத் துளியைக்கூட எண்ணலாம் என்கிற கூர்மையில். பின்னாலிருந்து வரும் வெயிலில் உடம்பின் ஓரம் முழுக்க ஒளி. செம்மண் தரையில் அவள் நிழல், கத்தரித்து ஒட்டினமாதிரி. வாழ்நாளில் நான் எடுத்த முதல் ஒழுங்கான படம்.

"இங்க வா, ஓடி வா" என்று கத்தினேன். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இது நானா?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஏங்க, இத எங்க அண்ணன் ஊட்டுக்கு இப்பவே அனுப்புங்க. பெருசா பிரேம் போட்டு டிவி மேல மாட்டிடலாம்."

"இரு, இன்னும் இருக்கு. எவ்வளவு தெளிவுன்னு பாரு." எனக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஷூ லேஸின் முடிச்சு. முடிச்சில் ஒட்டிய புல். ஷூவின் அடிப்பாகம். அதற்குக் கீழே நிழல். இரண்டுக்கும் நடுவில், மெல்லிய, மிக அழகான ஒரு வெயில் கீற்று.

"லைட் வருது" என்றேன்.

வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை. பிழைப்பு முழுக்கச் சொல்லிப் பழகிய வாய்க்கு இது யாருடைய கால் என்று தெரியாது. ஆனால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவளுக்கு அத்துபடி. வேறு எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் வெளிச்சம் நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்துபோயிருப்பாள்.

"எங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, விடு."

"காட்டுங்கன்னா காட்டுங்க."

முன்காலின் குதி இன்னும் தரையைத் தொடவில்லை. பின்காலின் நுனி தரையை விட்டுவிட்டது. நிழல் கீழே தனியாகக் கிடக்க, என் மனைவி அதற்குமேல் அந்தரத்தில் இருந்தாள்.

"ரெண்டு காலுமா?"

"ரெண்டும்தான்."

அவள் முதலில் செய்த காரியம், மகனுக்குப் போன் போட்டது. "சாப்டியா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே? காய்ச்சல் கீய்ச்சல்? சரி, யாரு வண்டிலயும் ஏறாத. எதுக்கா? எதுக்கோ. ஏறாதன்னா ஏறாத." சத்தியம் பலித்துவிடவில்லை என்று உறுதியானபின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

நான் வக்கீலாக மாறினேன். "சட்டம் என்ன சொல்லுதுன்னா, நடுவர் வெறுங்கண்ணால பாத்தாத்தான் தப்பு. கேமராவுல தெரிஞ்சா கணக்கே இல்ல. வேகமா நடக்கிறவங்க எல்லாருக்கும் ஒரு நொடியில ஒரு துளி இப்படித் தூக்கத்தான் செய்யும். பெரிய பெரிய போட்டியிலயே அப்படித்தான்."

"ஜட்ஜு பாக்கல, சரி. நீங்க பாத்துட்டீங்க. நானும் பாத்துட்டேன். இன்னும் யாரு பாக்கணும்?"

"வேணும்னா அழிச்சிடட்டுமா?"

"பொறந்ததுல இருந்து ஒரே ஒரு படம் ஒழுங்கா எடுத்திருக்கீங்க. அத அழிப்பீங்களா?" என்று என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு எல்லாப் படங்களையும் முதலிலிருந்து போடச் சொன்னாள். நான் கழித்துக்கட்டியிருந்த ஒரு படத்தில் நிறுத்தினாள். அதில் பாகலூர்க்காரிக்குத் தலை இல்லை. இடுப்புக்குக் கீழேதான் இருந்தாள். ஆனால் அவளுடைய ஷூவும் நிழலும் பசை போட்டதுபோல ஒட்டியிருந்தன. மனைவி கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"அவளுக்கு லைட் வரல" என்றாள்.

என்னிடம் கடைசியாக ஒரு தொழிற்சாலை வழி பாக்கி இருந்தது. குறையுள்ள உருப்படியைத் தூக்கிப் போட மனசில்லாவிட்டால், வாங்குகிறவரிடம் குறையைச் சொல்லி, இப்படியே ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்போம். அவர் சம்மதித்தால் உருப்படி தப்பித்துவிடும். அதைச் சொன்னேன்.

"அப்ப அவகிட்டதான் கேக்கணும். வண்டிய எடுங்க" என்றாள்.

மெடலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறினாள். நான் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டேன். பாகலூர் ரோட்டில் கர்நாடகா லாரிகளுக்கு நடுவே போனோம். அவள் கை என் தோளில் இறுகியிருந்ததை வைத்து அவள் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நானும் பயந்துதான் இருந்தேன். அந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டு மைதானம் முழுக்கச் சொல்லிவிட்டால், இவள் மறுபடி ஷூவைத் தொட மாட்டாள்.

சிநேகிதி தன் தோட்டத்துப் பாலித்தீன் கூரைக்குள் நின்று ரோஜாக்களைக் கட்டுக்கட்டாகச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. "வாங்க அண்ணா" என்று எனக்கு மட்டும் சொன்னாள்.

என் மனைவி முன்னுரை எதுவும் வைக்கவில்லை. மெடலை எடுத்து ரோஜாக் கட்டின்மேல் வைத்தாள். "நீ சொன்னதுதான் நெசம். நான் ஓடித்தான் இருக்கறேன். ஆனா சத்தியமா, ஓடினது எனக்கே தெரியாதுடி" என்றாள். மறுபடியும் சத்தியம் பண்ணிவிட்டோமே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் போனை நீட்டி, நிபுணன் தோரணையில் ஷூவைப் பெரிதாக்கிக் காட்டினேன். இது அடிப்பாகம், இது நிழல், நடுவில் தெரிகிறதே அதுதான் வெயில் என்று விரலால் சுட்டினேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். கொஞ்ச நேரம் காலைப் பார்த்தாள். பிறகு விரலால் படத்தைக் கீழே இழுத்து, மேலே போனாள். போய், அங்கேயே நின்றுவிட்டாள்.

"தேவுடா" என்றாள். "கால எதுக்கு அண்ணா காட்றீங்க? அக்கா மூஞ்சியப் பாருங்க."

நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். உதடு கடிபடவில்லை, புருவம் நெரியவில்லை. வாய் முழுசாகத் திறந்து, கண் விரிந்து, முடி அவிழ்ந்து காற்றில் கிடக்க, என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். கேமராவைப் பார்த்தல்ல, யாரையும் பார்த்தல்ல. இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கண்டதில்லை. லேஸின் முடிச்சைப் பார்த்திருந்தேன், முடிச்சில் ஒட்டிய புல்லைப் பார்த்திருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் இப்பிடியா இருக்கறேன்?" என்று கேட்டாள் என் மனைவி.

"நடக்கறப்ப இப்பிடி இல்லக்கா. நடக்கறப்ப நெறஞ்ச கொடத்தத் தூக்கினு போற மாதிரி மூஞ்சிய வெச்சிருப்பீங்க. அந்த வளைவுல என்னைத் தாண்டினீங்களே, அப்பதான் இப்பிடி. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அதான் எனக்கு அவ்ளோ எரிச்சல்."

சொல்லிவிட்டு, சாவகாசமாக மெடலை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இது எனக்கு. அது உங்களுக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்குச் சுருக்கென்றது. என் மனைவிக்கு அது தெரியவே இல்லை. போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த வாட்டி ஓட்டத்துக்கே பேரு குடுத்துடறேன்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

"நானும் வரேன் அக்கா" என்று அவள் அடுத்த ரோஜாக் கட்டை எடுத்தாள். "அங்க ஒருத்தி ஓடினான்னு இன்னொருத்தி கோள் சொல்ல முடியாது பாருங்க."